வேரும் தோலும் பாட்டும்

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் போகிற சாலையில் செங்கம் வருகிறது. பேருந்து நிற்கும், நாலு பேர் இறங்குவார்கள், ஆறு பேர் ஏறுவார்கள். பத்துப்பாட்டில் ஒரு முழுப்பாட்டு இந்த ஊருக்கு வழி சொல்வதற்காகவே பாடப்பட்டது என்பது ஏறியவர்களுக்கும் இறங்கியவர்களுக்கும் தேவைப்படாத செய்தி. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், 583 அடி. பாட்டுடைத் தலைவன் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னன். செங்கண்மாதான் செங்கம். பாட்டில் வரும் சேயாறு ஜவ்வாது மலையில் பிறந்து இன்றும் செங்கத்தைத் தொட்டுக்கொண்டு போகிற செய்யாறு. நவிரம் என்று பாட்டு சொல்லும் மலை இன்றைய பர்வதமலை என்பது பலர் கருத்து. கடப்பாறைகளையும் சங்கிலிகளையும் பிடித்துக்கொண்டு பௌர்ணமி இரவுகளில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிற அதே மலை.

கூத்தர் கூட்டம் ஒன்று பரிசில் வாங்கிக்கொண்டு திரும்புகிறது. எதிரே வருகிற இன்னொரு கூட்டத்திடம் எப்படிப் போக வேண்டும், எங்கே தங்க வேண்டும், என்ன கிடைக்கும் என்று சொல்கிறது. பாட்டு தொடங்குவது வாத்தியங்களிலிருந்துதான். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, நெடுந்தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை எனப் பட்டியல் நீள்கிறது. பைகளில் போட்டுக் கட்டிய அந்த வாத்தியங்கள் மழைக்காலப் பலாமரத்தில் கொத்தாகத் தொங்கும் காய்களைப்போல இருந்தனவாம். பலாவைப் பார்த்து வளர்ந்தவருக்கே அப்படித் தோன்றும்.

அதற்கடுத்து வரும் பேரியாழை என்னால் வேகமாகப் படித்துக் கடக்க முடிந்ததே இல்லை. நரம்பை எப்படிச் சிக்கெடுத்தார்கள், பிசிறை எப்படித் தேய்த்து நீக்கினார்கள், எத்தனை வார்க்கட்டு, துளையிட்டு ஆணியை எப்படி முடுக்கினார்கள், தந்தத்தில் செய்த உறுப்பு எது, புதிதாகப் போர்த்திய தோலுக்கு என்ன நிறம் என்று புலவர் ஒவ்வொன்றாகச் சொல்லிப் போகிறார். துளையின் நுண்மையைச் சொல்ல அவர் எடுப்பது வரகு மணியை. பட்டறையில் உட்கார்ந்து பார்த்திராதவர் இப்படி எழுதியிருக்க வழியில்லை.

பிறகு மலை எழுப்பும் ஒலிகள் வருகின்றன. அருவி, யானை, கிளியோட்டும் குரல், தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, கள்ளுண்டு குரவையாடும் குறவர்களின் சிறுபறை. இவற்றுக்கு நடுவே, புலி பாய்ந்து மார்பில் புண்பட்டுக் கிடக்கும் கணவனுக்கு அது ஆறட்டும் என்று மனைவி பாடுகிற காப்புப் பாட்டும் கேட்கிறது. அதைக் கேட்பதற்கென்று யாரும் அங்கே கூடியிருக்கவில்லை. காயத்தைப் பார்த்துக்கொண்டவளே அந்தப் பாட்டையும் பாடினாள்.

பாட்டில் பெரும்பகுதி சோற்றைப் பற்றியது என்பதை நம் பாராட்டுரைகள் சற்றுக் கூச்சத்தோடு தாண்டிவிடுகின்றன. எந்தச் சீறூரில் தினைச்சோறு, எங்கே இறைச்சி, மூங்கில் குழாயில் ஊறிய தேறலை யார் ஊற்றுவார்கள் என்று திரும்பி வருகிற கூத்தன் வரிசையாகச் சொல்கிறான். கடைசியில் நன்னன் தரும் பரிசில் வருகிறது. தலைவனுக்குப் பொற்றாமரை, விறலியர்க்கு அணிகலன், கூடவே தேர், யானை, ஆநிரை. புறப்பட வேண்டும் என்று சொன்னால் இழுத்தடிக்காமல் அன்றைக்கே கொடுத்தனுப்புவான் என்ற உறுதியும் உண்டு. தமிழின் பழைய இசை ஆவணங்களில் இதைவிட நேர்மையானது இல்லை என்று எனக்குப் படுவது இதனால்தான். வாத்தியம் எப்படிச் செய்யப்பட்டது, யார் பாடினார்கள், வழியில் யார் சோறு போட்டார்கள், முடிவில் எவ்வளவு கிடைத்தது என்ற நான்கும் ஒரே பாட்டில் இருக்கின்றன.

ஏடுகளில் கிடந்த இந்தப் பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டுப் பதிப்பில் அச்சேற்றினார். பாட்டு தப்பிவிட்டது. ஆனால் நச்சினார்க்கினியர் காலத்திலேயே எல்லரி என்றால் என்ன, தட்டை என்றால் என்ன என்று உரை எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. நமக்கோ அந்த உரைக்கும் உரை வேண்டும். சொல்லைக் காப்பாற்ற ஏடும் எழுதுகிறவரும் போதும். எல்லரியைக் காப்பாற்ற வேண்டுமானால் தோல் பதனிடுபவர், மரம் கடைபவர், அதை அடித்தால் சோறு போடும் ஊர், அடிக்கச் சொல்லும் ஒரு நாள் என்று ஒரு பெரிய குடும்பமே உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

அந்தக் குடும்பம் எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்று பார்க்க ஒரு மரத்தை எடுத்துக்கொள்கிறேன். வேலியோரம் போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும் முள்முருங்கை. கல்யாண முருங்கை என்றும் சொல்வார்கள். இலையை அரிசியோடு அரைத்து அடை தட்டிக் கொடுத்தால் சளி இறங்கும் என்பது பாட்டிமார் கணக்கு. ஆடு விரும்பித் தின்னும். வெற்றிலைக்கும் மிளகுக்கும் படர்கொம்பாக நிற்கும். இதன் கட்டை தக்கைபோல் லேசானது. அதனாலேயே தெருக்கூத்தில் இராசவேடம் கட்டுகிறவரின் கிரீடமும் தோள்மேல் நிற்கும் புஜகீர்த்தியும் இந்தக் கட்டையில் செதுக்கப்படுகின்றன. மேலே வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டினால் துரியோதனன் தயார். இரவு பத்து மணிக்குக் கட்டி விடிந்தபிறகு அவிழ்க்கிற வேடம். கனமான மரமாக இருந்தால் திரௌபதி சபதம் முடிக்கும் முன் துரியோதனன் கழுத்து முறிந்துவிடும். திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றுப் பக்கம் இருக்கும் புரிசையில், கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரை இந்தக் கூத்தைத் தலைமுறைகளாக ஆடிவருகிறது. கூத்துப்பட்டறை நாடகக்குழுவும் ந. முத்துசாமியும் நவீன நாடகக்காரர்களும் அந்த ஊருக்குப் போனார்கள், கற்றார்கள், எழுதினார்கள். முகவீணையைப் பற்றியும் அடவுகளைப் பற்றியும் நிறைய எழுதியாயிற்று. முள்முருங்கை வேலி போய்க் கம்பிவேலி வந்ததைப் பற்றிக் கலைப்பகுதியில் யாரும் எழுதுவதில்லை. அது விவசாயப் பகுதியின் செய்தி ஆகிவிடுகிறது.

மற்ற வாத்தியங்களும் இப்படித்தான். தவிலின் உடல் பலாமரம், கழி பூவரசு. பறைக்கு மரச்சட்டமும் கன்றுத்தோலும் வேண்டும், தோலைச் சட்டத்தில் ஒட்டப் புளியங்கொட்டைப் பசை வேண்டும். நாகசுரத்துக்கு ஆச்சாமரம், அதன் சீவாளிக்கு ஆற்றங்கரை நாணல். இசையென்று நாம் கேட்பதில் பாதி தோப்பும் புதரும்தான்.

நீலகிரிக் கோத்தர்கள் இந்தப் பிணைப்பின் தெளிவான உதாரணம். இரும்படிப்பவர், மண்பாண்டம் செய்பவர், மரவேலை செய்பவர் எல்லாம் அவர்களே. கொள் என்னும் குழலையும் கொப் என்னும் கொம்பையும் ஊதி, தப்பட்டை அடிப்பவர்களும் அவர்களே. பக்கத்துக் குடிகளில் படகர்கள் தானியம் கொடுத்தார்கள், தோடர்கள் பால்பொருள் கொடுத்தார்கள், குறும்பர்கள் தேனும் மருந்தும் மந்திரமும் கொண்டுவந்தார்கள். கோத்தர்கள் அரிவாளும் பானையும் சாவுக்கு இசையும் தந்தார்கள். கடைத்தெருவில் அரிவாளும் அலுமினியப் பாத்திரமும் வந்ததும் கணக்கு உடைந்தது. 1930-களில் படகர்களிடையே எழுந்த சீர்திருத்தக் குரல்கள் கோத்தர் இசையை விலக்கச் சொல்லின. பானை நின்றபோதே கொம்பும் நிற்கத் தொடங்கிவிட்டது. இன்று கோத்தர் இசை தங்கியிருப்பது பெரும்பாலும் அவர்களுடைய சொந்தத் திருவிழாக்களிலும் சாவுச் சடங்குகளிலும்தான். தங்கள் தெய்வத்துக்குத் தாங்களே வாசிக்கிறார்கள்.

இந்த இடத்தில் 'பாவம், ஓர் அழகான பழைய உலகம் போய்விட்டது' என்று எழுதத் தோன்றும். அந்த உலகம் கோத்தர்களைச் சமமாக உட்கார வைக்கவில்லை. இறந்த மாட்டின் இறைச்சியைத் தின்பவர்கள் என்று தள்ளிவைத்தது. இசை வேண்டும், இசைப்பவர் தொடக்கூடாது. பிறர் சாவுக்கு இனி வாசிக்க மாட்டோம் என்று நினைத்த கோத்தர்களும் இருந்தார்கள். அவர்களைப் பாரம்பரியத்தை அழித்தவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சமவெளியில் பறைக்கும் இதே கதை. சாவுக்கு அடித்தாக வேண்டும் என்பது ஊர்க்கட்டளையாக இருந்தது. மறுத்தவர்கள் அடிபட்டார்கள், ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். பறையைத் தூக்கி எறிந்த தலைமுறை ஒன்று உண்டு. அப்படி எறிந்த பிறகுதான் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்களும் சென்னைப் புத்தர் கலைக்குழுவும் அதைத் தங்கள் விருப்பப்படி திரும்ப எடுத்தார்கள். மதுரைப் பக்கத்துப் பறையாசான் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை கிடைத்த பிறகே பறைக்கு இந்த மரியாதை வந்தது என்பது என் வாசிப்பு. 'கலையை வாழவைக்க வேண்டும்' என்று நாம் மேடையில் சொல்லும்போது யாரோ ஒருவரின் தோளைக் காட்டித்தான் சொல்கிறோம். அவர் தோளைக் குலுக்கி இறக்கிவைத்துவிட்டு லாரி ஓட்டப் போனால் நம் முகம் வாடுகிறது.

இனி, செய்யாறு பிறக்கும் ஜவ்வாது மலை. திருவண்ணாமலை நகரத்துக்கு வடமேற்கே, போளூரைத் தாண்டி ஏறினால் ஜமுனாமரத்தூர். மலை 2019-க்குப் பிறகு திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மாவட்ட எல்லைகளால் துண்டுபட்டுக் கிடக்கிறது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மலைக்காரர்களுக்கு வேறு கணக்கு உண்டு. வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, தமிழ் பேசும் மலைக்குடிகள். சாமை விதைக்கிறவர்கள். பலா, புளி, கடுக்காய், தேன் என்று காடு தருவதைக் கீழே இறக்குகிறவர்கள். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கி 1986-இலிருந்து இந்த மலையில் உட்கார்ந்து விண்மீன்களைப் பார்க்கிறது. மலைக்கு வந்த அரசு முதலீடுகளில் கௌரவமானது அதுதான்.

இவர்கள் மலையேறிய கதையை வட ஆற்காடு மாவட்டக் கையேடு பதிந்து வைத்திருக்கிறது, இனவரைவியலாளர் தர்ஸ்டனும் எடுத்தாண்டிருக்கிறார். காஞ்சிபுரத்து வேளாளப் பெண்கள் எழுவரைக் கங்குந்தி வேடர்கள் தூக்கிப்போனார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று கருமாதி செய்துவிடுங்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள், நாய்கள் பாதியில் திரும்பி ஊர்போய்ச் சேர்ந்தன. வேடர்களைக் கொன்றுவிட்டு வீடு வந்தால் இவர்களுக்கு எல்லாச் சடங்கும் முடிந்திருக்கிறது, மனைவிமார் தாலியறுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். உயிரோடிருந்தும் சாதிக்கணக்கில் செத்தவர்களாகி, வேட்டுவப் பெண்களை மணந்து, ஜவ்வாதின் மேலே போய் உழத் தொடங்கினார்கள். இந்த வட்டாரத்தின் நாய்களுக்கு நியாயம் செய்ய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மகேந்திரவர்மன் காலத்தில் எடுத்தனூரில், தலைவன் விழுந்த பிறகும் ஓடாமல் நின்று கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கு நடுகல்லே இருக்கிறது.

கதை நடந்ததா என்பது கிடக்கட்டும். சடங்குக் கணக்கில் செத்துப்போனவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் மக்கள், காகிதத்தால் பட்டபாடு உண்மையில் உண்டு. காடு அரசுடையதானது. சந்தன மரம் வீட்டு வாசலில் முளைத்தாலும் அரசுடையதாகவே நெடுங்காலம் இருந்தது. ஜவ்வாதுச் சந்தனம் திருப்பத்தூர்க் கிடங்குக்குப் போனது, அதைவிட அதிகமாகக் கிடங்குக்குப் போகாமலும் போனது. மரத்தின் வயதைத் தட்டிப்பார்த்துச் சொல்லும் கண்ணும், செங்குத்தில் சுமையோடு இறங்கும் காலும், கோடாலி பிடிக்கும் கையும் மலைக்காரர்களிடம் இருந்தன. அவற்றுக்கு நேர்மையான சந்தை இல்லாதபோது நேர்மையற்ற சந்தை வந்து விலை வைத்தது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களைக் காவல்துறை சுட்டுக்கொன்றது. இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். மரபுத்திறன், கைத்திறன் என்றெல்லாம் கருத்தரங்குகளில் பேசும்போது எனக்கு அந்த 20 பேர் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் விற்கப் போனதும் திறனைத்தான்.

மூலிகைக்கு வருவோம். நம் மாவட்டங்களில் பல அரசுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் மூலிகைத் தோட்டம் உண்டு. ஆடாதொடை, தூதுவளை, கற்பூரவல்லி, சிறியாநங்கை என்று பெயர்ப்பலகை குத்தியிருக்கும். திறப்பு விழாவுக்கு அடுத்த கோடையில் பலகை மட்டும் நிற்கும். தொட்டியில் வளரும் செடிகளைக் குறை சொல்லவில்லை, அவை எங்கேயும் வரும். மலைமேல் மட்டும் பிடிவாதமாக வளர்பவைதான் சிக்கலில் இருக்கின்றன. மாகாளிக்கிழங்கு அப்படி ஒன்று. பாறையிடுக்கில் வேரோடிக் கிடக்கும். மோரில் ஊறுகாய் போட்டு வருடம் முழுக்கத் தொட்டுக்கொள்வதற்குச் சமவெளி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வேரைத் தோண்டினால் கொடி போயிற்று. முடவாட்டுக்கால் கிழங்கு இன்னொன்று. பாறையிலும் மரத்திலும் ஒட்டிவளரும் பன்னம் ஒன்றின் ரோமம் போர்த்திய தண்டு அது. கொல்லிமலைச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்ததை யூடியூப் காணொளிகள் மூட்டுவலிக்குக் கைகண்ட மருந்தாக்கிவிட்டன. இன்று ஊருக்கு ஊர் தள்ளுவண்டியில், ஆட்டுக்கால் கிழங்கு என்ற பெயரில் அதன் சூப். மெதுவாக வளர்கிற செடிக்கு வேகமாக வந்த புகழ் ஆகாது.

2020-இல் தமிழ்நாடே கபசுரக் குடிநீர் குடித்தது. பதினைந்து சரக்கு, அவற்றில் பல வேர்கள். எந்த மலையில் யார் தோண்டினார்கள், கிலோவுக்கு என்ன வாங்கினார்கள் என்று அந்த மாதங்களில் எந்தத் தொலைக்காட்சியும் கேட்டு நான் பார்க்கவில்லை. தோண்டுகிறவர் யார் என்பதில்தான் செடியின் ஆயுள் இருக்கிறது. காட்டுக்கிழங்கைத் தோண்டிய பின் அதன் தலையைக் கொடியோடு மண்ணில் திரும்பப் புதைப்பது மலைமக்கள் பலரிடம் உள்ள வழக்கம். அடுத்த வருடமும் அதே பாறைக்கு வரப்போகிறவர் செய்யும் காரியம் அது. மூட்டைக் கணக்கில் கூலிக்குத் தோண்டுகிறவர், அடுத்த வருடம் அந்தக் காட்டுக்குள் விடுவார்களா என்று தெரியாதவர், எதற்காகப் புதைக்க வேண்டும்?

உரிய பங்கைக் கொடுத்துப் பார்த்த கதையும் இருக்கிறது. 1987-இல் அகத்தியமலைக்குப் போன ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் ஒரு பழத்தை மென்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். அதிலிருந்து ஆரோக்கியப்பச்சை, அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து. திருவனந்தபுரம் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவீதம் உரிமைத்தொகை, வருவதில் பாதி காணிகளுக்கு. 1997-இல் காணிகளின் அறக்கட்டளை ஒன்று பதிவாயிற்று. உலகமெங்கும் இதை மேற்கோள் காட்டினார்கள். ஆனால் செடி வளர்வது காட்டின் நிழலில். காட்டுக்குள் பயிரிடவும் இலை பறிக்கவும் வனத்துறை முட்டுக்கட்டை போட்டது. அறிவுக்குப் பணம் கொடுக்க ஒரு துறை, அந்த அறிவு நிற்கும் மண்ணைப் பூட்ட இன்னொரு துறை. 2006-இன் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள் மீதும் மரபறிவு மீதும் மலைமக்களுக்கு உரிமை உண்டென்று எழுதிவைத்தது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பல ஆண்டுகள் பட்டா கொடுக்காமலே கிடந்து, 2016-க்குப் பிறகுதான் அசையத் தொடங்கியது.

இத்தனைக்கும் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்ற மாபெரும் வாடிக்கையாளர் இருக்கிறார். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் கால்கள். வழிநெடுக அன்னதானம். 2019 ஜனவரியில் நெகிழித்தட்டு தடைசெய்யப்பட்டபோது, இனி மலையிலிருந்து தையல் இலை இறங்கும் என்று அசட்டு நம்பிக்கை ஒன்று எனக்கிருந்தது. இறங்கியதென்னவோ காகிதத்தட்டும் ஆலையில் அழுத்திய பாக்குமட்டையும். இலை தைப்பது இந்த ஊருக்குத் தெரியாத வேலையும் அல்ல. மலையிலேயே வாழ்ந்த ரமணர் ஆலிலை தைப்பதில் கைதேர்ந்தவர். கொட்டாங்கச்சியை இழைத்து இழைத்துக் கிண்ணமாக்குவார், காட்டுக்குச்சியைச் சீவிக் கைத்தடி செய்து யாருக்காவது கொடுத்துவிடுவார். அவருடைய படத்தை அச்சிட்ட பைகள் இப்போது கடைகளில் தொங்குகின்றன. இலை தைத்த கையைப் பற்றி மட்டும் யாரும் கடைபோடவில்லை.

ஊரில் நல்லதும் நடக்கிறது. 'தி ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளையினர் அண்ணாமலைச் சரிவுகளில் இந்த மண்ணுக்குரிய மரங்களை ஆண்டுக்காண்டு நட்டு, கோடையில் தீ பரவாமல் காவல் காக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்த மருதம் பண்ணைப்பள்ளி நடத்தும் கைவினை வாரத்தில், கைத்தொழில்காரர்கள் வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஜவ்வாதின் மேற்கு அடிவாரத்தில் சிங்காரப்பேட்டைப் பக்கம் புளியானூரில் குக்கூ காட்டுப்பள்ளி இருக்கிறது. நெசவும் பொம்மையும் புத்தகமுமாக அவர்கள் கட்டியிருக்கும் சிறுவட்டம் பலரைத் தொட்டிருக்கிறது. இவையெல்லாம் மரியாதைக்குரியவை. ஆனாலும் இத்தகைய இடங்களில் கூடை முடையக் கற்றுக்கொள்ளும் பிள்ளை கூடை விற்று வாழப்போகிற பிள்ளையாகப் பெரும்பாலும் இருப்பதில்லை. அதற்காக அது வேண்டாம் என்பதல்ல என் கட்சி. கற்றவர் எண்ணிக்கையை வைத்துத் தொழில் பிழைத்ததாகக் கணக்கு எழுதிவிட வேண்டாம் என்கிறேன்.

கிரிவலப் பாதையில் இப்போது கயிலாய வாத்தியக் குழுக்களைப் பார்க்கலாம். கொம்பு, எக்காளம், திருச்சின்னம், கொக்கரை, பெரிய உடல். வாசிப்பவர்கள் வார நாட்களில் வேறு வேலை செய்யும் இளைஞர்கள், இளம்பெண்கள். பறையிலும் பம்பையிலும் தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. தூய்மைவாதிகள் இதற்காக அடித்துக்கொள்கிறார்கள். நான் சேரவில்லை. கார்த்திகை மாதம் இந்த ஊரில் மழைமாதம். 2024 டிசம்பரில் மழை மலையையே சரித்து வ.உ.சி. நகரில் 7 பேரை மண்ணுக்குள் எடுத்துக்கொண்டது, அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. அப்படிப்பட்ட ஈரத்தில் தோல் தொய்ந்துபோகும், காய்ச்ச நெருப்பு தேடி ஓட வேண்டும். அடிப்பவர் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தால் அவருக்குக் காரணம் இருக்கிறது. நாதம் கெடுவதும் உண்மை. தோல் வேண்டும் என்பவர்கள் தோலுக்கும் காய்ச்சும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கட்டும்.

இதே ஊரில் யாரும் 'காப்பாற்றுங்கள்' என்று கேட்காத ஒரு மரபு இருக்கிறது. தீபமேற்றுதல். 2,668 அடி மலையுச்சிக்குக் கொப்பரை போக வேண்டும், 3,000 கிலோவுக்கு மேல் நெய் போக வேண்டும், ஆயிரம் மீட்டர் காடாத்துணித் திரி போக வேண்டும். ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருடையது. திரியை எப்படிச் சுருட்டுவது, காற்றில் எப்படி நிற்க வைப்பது என்ற நுட்பமெல்லாம் அந்த உரிமையோடு ஒட்டிக்கொண்டு தானே அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. பயிற்சி முகாம் தேவைப்படவில்லை. இந்த ஊர் எல்லாருக்கும் இப்படி உரிமை எழுதிவைத்த ஊர் அல்ல. கோயில் படிகளில் யார் நிற்கலாம் என்பதில் அதற்குப் பழைய கசப்புகள் உண்டு. இருந்தும் பெயரும் நாளும் மரியாதையும் சேர்ந்தால் ஒரு கைவேலை எவ்வளவு இயல்பாக நிற்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

பாட்டையும் கைவேலையையும் மூலிகையையும் சேர்த்தே காக்க முயன்ற ஊர் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்து மலைநாட்டில் மவுன்டன் வியூ என்றொரு சிற்றூர். அங்கே 1973-இல் ஓசார்க் நாட்டாரியல் மையத்தைத் திறந்தார்கள். அந்த மலைக்காரர்களின் பிடில், பாஞ்சோ இசைக்கு அரங்கு, கைத்தொழில்காரர்களுக்குப் பட்டறை வரிசை, பக்கத்தில் மூலிகைத் தோட்டம். மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஜிம்மி டிரிஃப்ட்வுட் என்ற பள்ளி ஆசிரியர், பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தப் பாட்டுக் கட்டியவர். பட்டறையில் வேலை செய்கிறவர் வருபவருக்குக் காட்டிக்கொண்டே செய்ததை விற்கிறார். மூன்றும் ஒரே வளாகத்தில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. சுற்றுலாக்காரர் வராத மாதத்தில் அங்கே யார் யாருக்காக வாசிக்கிறார்கள் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

ஜமுனாமரத்தூரில் ஒருநாள் அப்படியொரு மையம் வரலாம். கோடை விழாக்களின் மேடைப் பேச்சைக் கேட்டால் வந்துவிடும் போலத்தான் இருக்கிறது. வந்தால் கல்வெட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதில் எனக்கு அக்கறையில்லை. மலையாளி ஒருவர் அதன் பொறுப்பில் இருக்கட்டும். ஒரு நாள் ஆட்டத்துக்கு எவ்வளவு, ஒரு கூடைக்கு எவ்வளவு, ஒரு கிலோ கிழங்கைத் தலையை விட்டுவைத்துத் தோண்டினால் எவ்வளவு என்று வாசலிலேயே எழுதிப் போடட்டும். அறுவடைக் காலத்தில் வர இயலாது என்பதையும் அதே பலகையில் எழுதலாம்.